கால்ல இல்ல, காலைல

அக்கா டிரைவிங் டெஸ்டில் இரண்டாவது தடவையும் கோட்டை விட்ட மறுநாள், அவள் தம்பி மெக்கானிக் அவளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு போனான். அடிப்பாகம் காகிதம் மாதிரி மெல்லிசு. இதைப் போட்டுக்கொண்டால் ஆக்ஸிலேட்டர் மேல் ஈ உட்கார்ந்தால்கூடக் காலுக்குத் தெரியும் என்று கடைக்காரர் சொன்னாராம். அக்கா ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தம்பியையும் அதே மாதிரி மேலும் கீழும் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்கா பேசாமல் இருந்தால் அது நல்லதுக்கில்லை என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. தப்பு தன் காலில்தான் என்று அக்காவே ஒப்புக்கொண்டுவிட்டாள், அந்த வெட்கத்தில்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தான். அவன் கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற கெட்டிக்காரன். அதில்தான் சிக்கல்.

கீழே ஒர்க்‌ஷாப், மேலே வீடு. ஒர்க்‌ஷாப்பில் அவன் ராஜ்யம். வாசலில் நிற்கிற சின்ன வெள்ளைக் கார் அவன் மனைவியுடைய ராஜ்யம். அவள் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, எத்தனை பேர் எத்தனை விதமாகத் தடுமாறினாலும் குரலை உயர்த்தாமல் உட்கார்ந்திருப்பாள். அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு அவள் டீச்சர். புருஷனும் முதலில் கிண்டலுக்கு டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது அதுவே வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ரொட்டிக்கடையில் வேலை. அம்மா வேலைக்குப் போன நாட்களில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள், அந்த இடுப்பிலிருந்து அவன் இறங்கியதும் மாவு மூட்டையைத் தூக்கப் போய்விட்டாள். மாவு பிசைய மெஷின் வந்த பிறகும், உருட்டி, மடித்து, அச்சில் வைப்பது கைவேலைதான். இத்தனை வருஷம் உருட்டி உருட்டி மணிக்கட்டு இரண்டும் வீங்கிப் போயிருந்தன. டாக்டர் இனிமேல் மாவில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, விடியற்காலையில் கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிற வேன் டிரைவர் வேலையை விட்டுப் போவதாகச் சொன்னார். கடை முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, லைசென்ஸ் மட்டும் வாங்கிட்டு வா, வேன் உனக்குத்தான் என்றார். அவருக்கும் அவளை விட மனசில்லை. ஆனால் வேன் நிற்காமல் ஓடியாக வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை டெஸ்டிலும் தேறவில்லை என்றால் வெளி ஆளை வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அப்புறம் அக்காவுக்கு அந்தக் கடையில் மாவும் இல்லை, வேனும் இல்லை.

அக்காவுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. அதுதான் யாருக்கும் புரியாத விஷயம். சாயங்காலம் வேலை முடிந்து வந்து டீச்சருடன் போவாள். சந்துக்குள் திருப்புவதென்ன, மேட்டில் நிறுத்தி எடுப்பதென்ன, டீச்சரின் பிரேக்குக்கு வேலையே இருக்காது. டெஸ்ட் மைதானத்துக்குப் போனால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். குளிர்காலத்தில் விடியும்போதே போய் வண்டியை வரிசையில் நிறுத்திவிட்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும். கண்ணாடியில் உறைபனி பூத்து, வண்டி விறைத்துப்போனபோதுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் இறங்கித் தூரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, அவள் இடத்தில் டெஸ்ட் ஆபீசர் ஏறுவார். கம்பங்களுக்கு நடுவில் மெதுவாக நுழைந்து நிறுத்த வேண்டும். இரண்டு தடவையும் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. முதல் தடவை ஒரு கம்பம், இரண்டாவது தடவை இரண்டு. காலை எடுங்கம்மா, காலை எடுங்கம்மா என்று ஆபீசர் கத்தினார். எடுத்துட்டேன் சார் என்றாள் அக்கா. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க என்று அவர் எழுதிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பெஞ்சில் இருக்கிறவர்களுக்கு இஞ்சின் கத்துவது கேட்கும், அதை அழுத்துவது யார் என்று எப்படித் தெரியும்? பயத்தில் அழுத்துகிறாள் என்றே டீச்சரும் நினைத்தாள்.

இரண்டாவது டெஸ்ட் முடிந்து அக்கா நேராக ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வந்தாள். அப்போது உச்சி வேளை. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். அக்கா குனிந்து அவன் காலைத் தட்டி, என்னவோ உரக்கச் சொன்னாள். அவன் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"தப்பு கால்லதான் வருதுடா!"

அவனுக்கு மனசு இளகிவிட்டது. தன் குறையைத் தானே சொல்கிற அக்காவை அவன் அதுவரை பார்த்ததில்லை. நான் பார்த்துக்கறேன் அக்கா என்று லாரிக்கு அடியிலிருந்தே வாக்குக் கொடுத்தான். பேருக்கு வெள்ளைக் காரையும் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான். மைதானத்திலிருந்து அப்போதுதான் ஓடி வந்த வண்டி, இஞ்சின் தூங்குகிற பூனை மாதிரி குறுகுறுவென்று ஓடியது. வண்டியில் ஒன்றுமில்லை, தப்பு காலில்தான் என்று முடிவு கட்டினான்.

அதற்குப் பிறகுதான் ஷூ. ஷூவோடு விட்டானா என்றால், அதுவும் இல்லை. பழைய ஆக்ஸிலேட்டர் பெடல் ஒன்றைத் தேடி எடுத்து, ஸ்பிரிங் வைத்து ஒரு பலகையில் பொருத்தினான். வீட்டில் உட்கார்ந்தபடியே காலைப் பழக்கலாமாம். அழுத்தம் அதிகமானால் கிறீச் என்று சத்தம் வருகிற மாதிரி ஒரு ஏற்பாடு வேறு. ராத்திரி சாப்பிடும்போது மேஜைக்கு அடியில் போட்டு அழுத்திக்கொண்டே சாப்பிடு என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தான். அக்கா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்தப் பலகை நல்ல முட்டுக்கட்டையாக இருக்கிறது என்று டீச்சர்தான் பிறகு வந்து சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் மேலே சமையலறை மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அக்கா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சூடு மணிக்கட்டுக்கு இதம். மெக்கானிக் மெதுவாக ஆரம்பித்தான், பலகை எப்படி இருக்கிறது, பழகினாயா என்று. அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் வெள்ளிக்கிழமை போகல."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

"முதலாளிகிட்ட நாளைக்குச் சொல்லிடப் போறேன், வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லி" என்றாள் அக்கா. "கம்பத்தை இடிக்கிறதுகூடப் பரவாயில்ல. வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா அழுது அவன் பார்த்ததில்லை, பார்க்கவும் தெம்பில்லை.

"யாரு நம்பலை? நீ சொன்னதை நம்பித்தானே ஷூ வாங்கினேன்! நீயேதானே வந்து சொன்னே, தப்பு கால்லதான் வருதுன்னு."

அக்கா நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொன்னேன்?"

"தப்பு கால்லதான்னு."

"டேய், காலைலன்னு சொன்னேன்டா. கா... லை... ல. காலைலதான் வண்டி தானா ரேஸ் ஆகுது, சாயங்காலம் ஒண்ணுமே இல்ல, என்னன்னு பாருன்னு தொண்டை கிழியக் கத்தினேன். நீ மறுநாள் ஷூவைத் தூக்கிட்டு வர்றே!"

முதலில் டீச்சர்தான் சிரித்தாள். எத்தனை பேர் எதன்மேல் இடித்தாலும் முகம் மாறாத டீச்சர், வாயில் இருந்த டீயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். பலகை, அண்ணி, பலகை என்று இடையிடையே சொல்லிக்கொண்டாள். கண்ணில் தண்ணீரோடு இருந்த அக்காவும் அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் தோள், வயிறு, நாற்காலி எல்லாம் சேர்ந்து சிரிக்கும். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. காதிலிருந்து கழுத்துவரை சிவந்துபோய், காலைல, காலைல என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தினமும் காலையில் அந்தக் காரை எடுப்பது அவள்தானே? ஒருநாளும் அப்படி ரேஸ் ஆனதே இல்லையே?

"நீ எங்கம்மா குளிர்ந்த வண்டியை எடுத்தே?" என்றாள் அக்கா. "உன் புருஷன்தான் வெந்நீர் வெளாவிக் கொடுக்கிற மாதிரி வண்டியைக் காய வச்சு உன் கையில கொடுக்கிறானே."

உண்மைதான். கல்யாணம் ஆன முதல் குளிர்காலத்திலிருந்து அது அவன் வழக்கம். மனைவியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் திருதிருவென்று விழிப்பான். ஆனால் அவள் குளிர்ந்த வண்டியில் உட்காரக் கூடாது. அவளுக்கு முன்னால் எழுந்துபோய், கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு, ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மேலே வந்து டீ குடிப்பான். குளிரில் இஞ்சின் முதலில் கொஞ்ச நேரம் வேகமாகத்தான் ஓடும், சூடேறியதும் தானே இறங்கும். அது எல்லா வண்டிக்கும் உள்ளது. அதனால் கீழே அது கத்துவதை அவன் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. டீச்சர் இறங்கி வரும்போது வண்டி சூடாகி, சாதுவாக நிற்கும். ஆக, தன் காரைக் குளிரில் டீச்சர் ஒருநாளும் சந்தித்ததில்லை. தினமும் சந்தித்தவனோ நின்று கேட்டதில்லை.

"நாளைக்கு வண்டியைச் சூடு பண்ணாதீங்க" என்றாள் டீச்சர். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பிரியத்தைக் கேட்டு மெக்கானிக் இன்னும் கொஞ்சம் சிவந்தான்.

மறுநாள் விடியும்போது மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். ராத்திரி முழுக்கத் திறந்த வெளியில் நின்ற கார் வெள்ளையிலும் வெள்ளையாக இருந்தது. அக்கா ரொட்டிக்கடையில் முதல் ஈட்டை அடுப்பில் தள்ளிவிட்டு ஏப்ரனோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். முழங்கைவரை மாவு. டீச்சர் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு டிரைவர் இருக்கையில் ஏறினாள். சாவியைத் திருப்பினாள். இஞ்சின் உறுமியது.

உறுமட்டும், காத்திருப்போம் என்றான் மெக்கானிக். காத்திருந்தார்கள். மூச்சு விட்டால் புகையாக வந்தது. இதற்குள் இஞ்சின் வேகத்தைக் காட்டுகிற முள் தாழ ஆரம்பித்திருக்க வேண்டும். இரண்டாயிரத்துக்கு மேல் ஏறிய முள் அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது.

"முதல் கியர்ல போட்டு மெதுவா கிளட்சை விடு" என்றான்.

டீச்சர் விட்டாள். கார் கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி முற்றத்தின் குறுக்கே பாய்ந்தது. பழைய டயர் குவியலுக்கு ஒரு கை தூரத்தில் பிரேக் போட்டு நிறுத்தினாள். பிறகு இறங்கி வந்து அக்காவின் மாவுக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் ரெண்டு காலும் தரையில இருந்துச்சு அண்ணி. மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் அப்புறம்" என்றாள் அக்கா. ஆனால் அவள் முகம் அடுப்பைத் திறந்ததும் தெரிகிற ரொட்டி மாதிரி பூரித்திருந்தது. "முதல்ல இது ஏன் கத்துதுன்னு பார்க்கச் சொல்லு உன் ஆளை."

மெக்கானிக் பானட்டைத் தூக்கினான். முதலில் ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தான். எங்கும் பிடிக்கவில்லை, தாராளமாகத் தளர்ந்திருந்தது. அடுத்து சென்சார். இஞ்சின் சூடேறிவிட்டதா இல்லையா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான், அது பொய் சொன்னால் கம்ப்யூட்டர் இன்னும் குளிர் என்று நம்பி வேகமாகவே ஓடவிடும். குளிரில் இந்தக் கோளாறு வந்தால் பத்தில் எட்டு அந்த சென்சார்தான் என்று அவன் அடித்துச் சொன்னான். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் சென்சார் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தது. இஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட்டும் குறையவில்லை. பத்தில் எட்டு போச்சு, மிச்சம் ரெண்டைப் பாரு என்றாள் அக்கா.

மிச்சம் இருந்தது காற்று. எங்கேயோ ஒரு ரப்பர் குழாய் விட்டுப்போய், அந்த வழியாக இஞ்சின் களவாகக் காற்றை இழுக்கிறது. கூடுதல் காற்று போனால் கூடுதல் வேகம். ஆனால் எந்தக் குழாய்? எல்லாம் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. தண்ணீரைப் பூ மாதிரி தெளித்துக்கொண்டே போனால், ஓட்டை இருக்கிற இடத்தில் பட்டதும் இஞ்சின் சத்தம் மாறும். அதற்குத் தெளிப்பான் வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் இருந்த தெளிப்பான் உறைந்து, விசை அசைய மறுத்தது. அக்கா ஏப்ரன் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். அடுப்பில் வைக்கும் முன் ரொட்டி மேல் தண்ணீர் தெளிக்கிற குப்பி. அடுப்பின் வெதுவெதுப்பு இன்னும் அதில் இருந்தது.

"நகரு" என்றாள். "எங்கெங்கே தெளிக்கணும்னு மட்டும் கையைக் காட்டு."

அவன் கையைக் காட்டிய இடத்தில் எல்லாம், ஒயர் நனையாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தாள். இஞ்சின் அதே ராகத்தில் கத்திக்கொண்டிருந்தது. பின்பக்கம் முழங்கை மாதிரி வளைந்து போகிற ஒரு சின்னக் குழாய். மேலே தெளித்தாள், ஒன்றுமில்லை. ரொட்டி அச்சுக்கு அடியில் கைவிட்டுப் பழகியவள், அடிப்பக்கத்துக்குக் கையை நுழைத்து ஒரு தடவை தெளித்தாள். சத்தம் சட்டென்று விழுந்தது. ஒரு கணம் இஞ்சின் பூனையாகிக் குறுகுறுத்தது. தண்ணீர் உள்ளே போனதும் மறுபடி உறுமியது.

அக்கா இன்னொரு தடவை தெளித்தாள். மறுபடியும் விழுந்தது, மறுபடியும் எழுந்தது. மூன்றாவது தடவை தேவையே இல்லை. சும்மா சந்தோஷத்துக்குத் தெளித்தாள்.

குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. குளிரில் ரப்பர் விறைத்து வாயைத் திறக்கும், இஞ்சின் சூடு ஏறினால் இளகி மூடிக்கொள்ளும். மத்தியானம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தவனுக்கு எப்படித் தெரியும்? மெக்கானிக் இதை உற்சாகமாக விளக்கிக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்திவிட்டான். வெடிப்பு சரியாகக் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பின் விளிம்பில் தொடங்கியிருந்தது. கிளிப் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருந்தது. போன கோடையில் அந்தக் குழாயைக் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டியது யார் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, அந்த வண்டியை வேறு யாரும் தொட்டதில்லை.

அக்கா குழாயை வாங்கிப் பார்த்தாள். கிளிப்பைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"அப்போ தப்பு கால்லயும் இல்ல, காலைலயும் இல்ல" என்றாள். "கையிலடா."

இந்தத் தடவை மெக்கானிக்தான் முதலில் சிரித்தான். டயர் குவியலில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டும்வரை சிரித்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா சொன்னது பொய்யில்லை என்பதில் அவனுக்கு இருந்த சந்தோஷம் அந்த வெட்கத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அன்றைக்கே புதுக் குழாய் மாட்டினான். கிளிப்பை முறுக்கும்போது அக்கா கூடவே நின்று, போதும், போதும்டா என்றாள்.

வெள்ளிக்கிழமை அவன் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போனான். டீச்சருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சு பனிக்கட்டியாக இருந்தது. அக்கா மாவு வெள்ளையடித்த, தடித்த அடிப்பாகமுள்ள ரொட்டிக்கடை ஷூவோடுதான் வந்திருந்தாள். முறை வந்தபோது வண்டி நன்றாகக் குளிர்ந்து விறைத்திருந்தது. டீச்சர் அவனுடைய எண்ணெய்க் கறை படிந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். இஞ்சின் ஸ்டார்ட் ஆனது, கொஞ்சம் உயர்ந்தது. அக்கா அவசரப்படவில்லை, கண்ணாடியைச் சரிபண்ணினாள், பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். இஞ்சின் படிப்படியாக இறங்கி அடங்கியது. கார் கம்பங்களுக்கு நடுவில் நடந்து வருகிற மாதிரி வந்து, நின்றது. எந்தக் கம்பமும் அசையவில்லை.

இறங்கும்போது ஆபீசர், இன்னைக்குக் கால் நல்லா அடங்கியிருக்கேம்மா என்றார்.

"என் கால் எப்பவும் அடங்கித்தான் சார் இருக்கு" என்றாள் அக்கா. "என் தம்பிக்குத்தான் காது கொஞ்சம் மந்தம்."

ஆபீசருக்கு ஒன்றும் புரியவில்லை. பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எதற்கு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்கிறார்கள் என்றும் புரியவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

மெக்கானிக் இப்போதும் டீச்சருக்கு முன்னால் எழுந்து காரை ஸ்டார்ட் பண்ணுகிறான். ஆனால் மேலே போவதில்லை. பானட் பக்கத்திலேயே நின்று, சத்தம் இறங்கும்வரை காது கொடுத்துக் கேட்கிறான். டீயை டீச்சர் கீழே கொண்டுவந்து தருகிறாள், அவளும் கூட நின்று குடிக்கிறாள். அந்த நேரத்துக்குத்தான் ரொட்டி வேன் தெருமுனை திரும்பி வரும். அக்கா வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாகச் சூடான ரொட்டி ஒன்றை நீட்டுவாள். மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது.

"என்ன அக்கா, காலைலயே வந்துட்டே?" என்பான் அவன்.

அக்கா கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வேன் சத்தத்தில் கேட்காத மாதிரி குனிவாள்.

"என்னது, கால்லயா?"

தினமும் இதே வேடிக்கைதான். தினமும் மூன்று பேருக்கும் சிரிப்பு வருகிறது.